குனியாத கழுத்து

எங்கள் அக்காவின் மேல் அம்மன் இறங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. தெருவில் யார் வீட்டுக்கும் வராத சாமி எங்கள் வீட்டுக்கு வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நெசவுக்காரர்கள் அமாவாசையன்று தறியைத் தொடமாட்டார்கள். அந்த ஆடி அமாவாசையில் அப்பா தொட்டார். கல்யாணப் புடவை ஒன்று முடியாமல் நின்றிருந்தது. அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. தலை வெடிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்தபடி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பாவு அறுந்துபோச்சு, பாவு அறுந்துபோச்சு" என்று தறி நூலைச் சொல்லிப் பிதற்ற ஆரம்பித்தாள்.

எங்கள் குட்டை வாசலில் குனிந்து பெரியப்பா நுழைந்தார். வேப்பிலையும் தெருவும் அவர் பின்னாலேயே வந்தன.

"அமாவாசையில தறி ஓட்டினா ஆத்தா சும்மா இருப்பாளாப்பா? அதான் வந்து கேட்டுக்கினு இருக்கா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று அக்காவிடம் கேட்டார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஒரு சைக்கிள் கேட்டுவைத்தேன்.

மாலை போடுவதற்காக அம்மா அக்காவின் தலையை லேசாகக் குனியவைத்தாள். கழுத்து வளையவில்லை. அக்கா வலியில் அலறினாள்.

"சாமி யாருக்கும்மா குனியும்?" என்று பெரியப்பா பெருமையாகச் சிரித்தார்.

அக்கா அம்மாவையே வெறித்துப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா மாலையைக் கீழே வைத்தாள்.

"பெத்தவளையே தெரியலைங்குறா. கழுத்து கட்டையாட்டம் இருக்குது. ஆட்டோவ கூப்புடுங்க" என்றாள் அப்பாவிடம்.

"ஆத்தா மேல ஊசி போட்டா தெருவுக்கே ஆவாதும்மா." பெரியப்பா வாசலை மறித்தார்.

"ஆத்தாவா இருந்தா அவளும் ஆட்டோவுல வரட்டும். நான் வேணாம்னா சொல்றேன்?"

பெரியப்பாவிடம் எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிப் பேசியதில்லை. திகைத்துப்போய் வழிவிட்டார்.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். ரத்தம் எடுத்தனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் வைத்தியத்தைத் தொடங்கினார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அன்றே பெரியப்பா ஆஸ்பத்திரியில் ஆஜர்.

"பாத்தியா, மெஷினே சொல்லிடுச்சு. புள்ளைய கூட்டிக்கினு வாம்மா."

நோய் கண்ட புதிதில் ரத்தத்தில் தெரியாமலும் போகலாம், சில நாள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. இரண்டாவது ரத்தத்தில் வைரஸ் மாட்டிக்கொண்டது. அம்மா பெரியப்பாவுக்குப் போன் போட்டு, வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஆத்தா இல்லையாம். கொசுவாம்!"

ஆவணியில் அக்கா வீடு திரும்பினாள். பெரியப்பாதான் முன்னால் நின்று ஆரத்தி எடுக்கவைத்தார். ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னார். அம்மா மறுக்கவில்லை. ஜெயித்தவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை.

அக்கா வாசலில் இயல்பாகத் தலையைக் குனிந்து உள்ளே வந்தாள்.

"குனிஞ்சிட்டாடா! பாத்தியா, குனிஞ்சிட்டா!" அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். எங்கள் வாசலில் எல்லோரும்தான் குனிகிறோம், இதற்குப் போய் ஏன் அழ வேண்டும்? நான் அவள் பிடியிலிருந்து நழுவி, சைக்கிள் விஷயம் என்னவாயிற்று என்று அக்காவிடம் கேட்கப் போனேன்.