கொக்கி இல்லாத கூரைகள்

மின்விசிறி மாட்டுகிறவனுக்கு அண்ணாந்தே பிழைப்பு. கழுத்து வலிக்காரர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஏணிமேல் நின்றபடி ஊரெல்லாம் நான் சொல்லிவந்த ஒரு கிணற்றுக் கதையை, பல வருஷமாக நானே சந்தேகப்பட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கம்பெனிக் குடியிருப்பு

எழுபதுகளில் ஓசூரில் வீடு கட்டியவர்கள் கூரையில் விசிறிக்குக் கொக்கி வைக்கவில்லை. மார்ச்சிலும் கம்பளி போர்த்திய ஊருக்கு எதற்குக் கொக்கி? தொண்ணூறுகளில் அதே கூரைகளைத் துளைத்து நான் கொக்கி போட்டேன். ஒரு வீட்டில் லேத் ஆபரேட்டர் ஏணியைப் பிடித்தபடி கேட்டார்: "புகைதான் உலகத்தையே சூடாக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம கம்பெனிப் புகையுமா?"

கதையை எடுத்துவிட்டேன். சாமல்பட்டியில் கிணறு வெட்டும் முனியப்பா சொன்னது அது. ஆறே இல்லாத மேட்டில், முப்பதடி ஆழத்தில், ஆற்றுக் கூழாங்கல்லாக வந்ததாம். அந்தக் காலத்திலேயே மழையும் வெயிலும் தானாக மாறி, ஆறே காணாமல் போயிருக்கிறது. அப்போது எந்தக் கம்பெனி இருந்தது? அவர் முகம் தெளிந்தது.

"அப்பாடா! இனிமே நிம்மதியா ஓவர்டைம் பாக்கலாம்ணா."

சூளகிரி

கோஸ் போடும் விவசாயி ஒருவர் வீட்டிலும் அதையே சொன்னேன். அவர் விசிறியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் தப்பும் தெரியவில்லை.

"வெயில் ஏறினா உனக்குத்தானே யாவாரம்? நீ சொன்னா நான் நம்பணுமாப்பா?"

டீச்சர் வீடு

குருபரப்பள்ளி டீச்சர் நம்பினார். அதுதான் வினை. நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டார். நான் அவசரமாக ஏணியிலிருந்து இறங்கினேன்.

"திங்கட்கிழமை கிளாஸ்ல இதைத்தான் சொல்லப்போறேன். அந்தக் கல்லை நீங்க பாத்தீங்கதானேண்ணா?"

சாமல்பட்டி

கல்லை நான் பார்த்ததே இல்லை; ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன். முனியப்பா கதையளந்திருப்பார் என்றே நினைத்தேன். அவரோ கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வழவழவென்று கூழாங்கற்கள், குவியலாகக் கிடந்தன. கதை நிஜம்! தவறாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். "போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன் தம்பி. என் வைக்கோல் போர் எரிஞ்சுபோச்சு. பக்கத்துக் காட்டுக்காரன் பீடியை வீசினதை என் கண்ணால பாத்தேன். அவன் என்னாடான்னா, 'போன வருசம் இடி விழுந்து எரிஞ்சுச்சே, இதுவும் அப்படித்தான்'னு சொல்றான். கேக்கறவன் கேனையனா?"

நான் சந்தேகப்பட வேண்டியது கல்லை அல்ல, அதை வைத்து நானும் அவரும் பேசிய பேச்சை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் டீச்சரிடம் என்ன சொல்வது என்பதும் தெரிந்துவிட்டது. பஸ் நிறுத்தம்வரை அவர்கூடவே நடந்துபோய், கடைசியில் கேட்டேவிட்டேன்:

"ஏண்ணா, போன வருசம் இடி எரிச்சதால இந்த வருசம் பீடிக்காரன் யோக்கியன் ஆயிடமாட்டான்னா, அன்னைக்கு ஆறு தானா வத்தினதால இன்னைக்கு நம்ம புகை மட்டும் எப்படிண்ணா யோக்கியமாகும்?"