போர்டில் யார் பெயர்

சிதம்பரம் கீழவீதியில் சித்தி ஃபேன்சி ஸ்டோர் திறந்த அன்று எல்லோரும் கேசரி தின்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கடை வாசலில் சீரியல் லைட் சுற்றிய பெரிய போர்டு. அதில் சித்தி மகளின் பெயர். அவளும் என்னைப் போல ஐந்தாம் வகுப்புதான். போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் மேலே கையைக் காட்டி, "நான்தான் அது" என்றாள். என்னிடமும் சொன்னாள், எனக்கு அவள் பெயர் தெரியாத மாதிரி.

அம்மாவும் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூர் திரும்பும் பஸ்ஸில் வழியில் வந்த கடைப் போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கும் எரிகிறது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சீக்கிரமே, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் டைலர் கடை போடப்போவதாக அம்மா சொன்னாள். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி வச்சிட்டா இல்ல, இவளுக்கும் ஒண்ணு வேணுமாம்." அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

கடை என்றால் பிள்ளை பெயர்தான். எங்கள் தெருவில் மளிகை, ஜெராக்ஸ், பூக்கடை எல்லாமே யாரோ ஒரு பிள்ளையின் பெயரில் இருந்தன. ஆனால் எனக்கு ஒரு தம்பி இருந்தான். "ஆம்பளப் புள்ள பேரு வச்சாதான் ராசி" என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் சொல்லாமலே பாத்திரம் கழுவினேன். அம்மா வீட்டில் தைக்கும் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக் கொடுத்தேன். தம்பியின் சேட்டைகளை ஒன்று விடாமல் அம்மா காதில் போட்டேன்.

போர்டு வந்தது. தில்லைநாயகி தையலகம்.

"யாரும்மா அது?" என்றான் தம்பி.

"நான்தான்" என்றாள் அம்மா.

தம்பி பெயராக இருந்திருந்தால் அவனை நாலு அடி அடித்து ஆறியிருப்பேன். அம்மாவை என்ன செய்வது? "அவுங்க பேர அவுங்களே யாராச்சும் வச்சிக்குவாங்களா?" என்று கத்தினேன். "எம் பொண்ணு கேக்குறது நியாயந்தான" என்றார் அப்பா. அம்மா முந்தானையால் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் துணியோடு வந்தாள். போர்டைப் படித்துவிட்டு, "தில்லைநாயகி அக்கா" என்று கூப்பிட்டாள். அம்மா நிமிரவில்லை, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்ட பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தாள். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கத் தெரியவில்லை, இவளுக்கு எதற்குப் போர்டு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா அம்மாவை "இந்தா" என்பார். அத்தைக்கு அவள் அண்ணி. தெருவில் எல்லோரும் என் பெயரைச் சொல்லி அதோடு அம்மா என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். நான் பிறந்த நாள் முதல் அவள்மேல் என் பெயர்ப் போர்டுதான் மாட்டியிருந்தது. அது போதாதென்று இன்னொன்றும் கேட்டு, போர்டு வந்த அன்று இரவு சாப்பிடாமல் படுத்திருக்கிறேன்.