பாய்லருக்குப் பின்னால் ஜெர்வாசியோ

ஃபால் ரிவர் என்ற அமெரிக்க ஊரில், குளிருக்கு நீராவி பாய்லர் வைத்துச் சூடேற்றும் வீடுகளில் ஜெர்வாசியோவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். குழாய் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எதிரில் ஒரு பெண் நின்றால் போதும், ஐம்பத்து நான்கு வயதிலும் மனுஷன் வாயில் கொழுக்கட்டை.

வேலையில் அவனுக்குச் சில வீம்புகள் உண்டு. ஆவி போகிற குழாய்க்குச் செம்பு ஆகாது, கறுப்பு இரும்புதான். ஏறுகிற ஆவியும் இறங்குகிற தண்ணீரும் ஒரே குழாயில் போய்வருகிற வீட்டில் வாட்டம் ஒரு நூல் பிசகினாலும் ராத்திரியெல்லாம் சுவருக்குள் சுத்தியல் அடிக்கிற சத்தம் கேட்கும். அவன் மாட்டிய வீட்டில் அப்படிக் கேட்டதே இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய வீம்பு, யூனியன் போடாதது. வேண்டும்போது நடுவில் கழற்றிக்கொள்ள மற்றவர்கள் யூனியன் என்றொரு இணைப்பைப் போட்டுவைப்பார்கள். ஜெர்வாசியோ போடுவதோ ஒரு பக்கம் வலம்புரி மரையும் மறுபக்கம் இடம்புரி மரையும் வெட்டிய கப்ளிங். திருகத் திருக இரண்டு பக்கக் குழாயும் ஒன்றையொன்று பார்த்து வந்து இறுகிக்கொள்ளும். அதைத் திருக மூன்றடி ரெஞ்சும் மாட்டு பலமும் வேண்டும். இரண்டும் அவனிடம் இருந்தன.

இல்லாதது தைரியம். எதெல்வினா என்ற விதவையின் மேல் அவனுக்கு மூன்று வருஷமாக ஆசை. 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்று கேட்கத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். கதவு திறந்ததும், "பாய்லர் எப்படி இருக்கு?" என்று கேட்பான். நேராக நிலவறைக்குள் இறங்கி, நன்றாக ஓடுகிற பாய்லரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவான். மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே அத்தனை தடவை தட்டிப் பார்க்கப்பட்ட பாய்லர் வேறு இருந்திருக்காது.

அந்த பாய்லர்தான் இந்த ஜனவரியில் வெடிப்பு விட்டது. எதெல்வினா போனில் சொன்னாள்: "புதுசு ஒண்ணு மாட்டிக் குடுங்க மேஸ்திரி. வீட்டை வித்துட்டு டொராண்டோவுல தங்கச்சிகிட்டப் போயிடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஆள் வர்றாங்க."

பாவி மகன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். அப்புறம் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். அவளை ஊரை விட்டு அனுப்பப்போகிற பாய்லரை அவனே மாட்ட வேண்டும். மட்டமாக மாட்டித் தொலைக்கலாம் என்றால் கை ஒத்துக்கொள்ளாது.

"வேலை முடியிறதுக்குள்ள வாயத் திறடா எருமை," என்றான் பெரியப்பா மகன் ஒராசியோ. "இல்லன்னா அவ வண்டியேறினப்புறம் பாய்லர்கிட்டப் போய்க் கேளு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடியும் கட்டம். புது பாய்லர் நிலவறை மூலையில் நின்றது. இடது பக்கம் சுவர், பின்னால் புகைபோக்கி. பின்பக்கத்து இணைப்புகளை மாட்ட ஜெர்வாசியோ அந்த இடுக்குக்குள் போயிருந்தான். உள்ளே நின்றபடியே, வலது பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் கடைசிக் குழாயையும் நிறுத்தினான். கப்ளிங்கை மூச்சுப் பிடித்து இறுக்கினான். ரெஞ்சைக் குழாய்க்கு அந்தப் பக்கம் நீட்டி எதிர்ச் சுவரில் சாய்த்தான். துணியால் குழாயைத் துடைத்தான். தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. சரி, வெளியே போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு எட்டு வைத்தான். வயிறு குழாயில் இடித்தது.

பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். மூச்சை உள்ளிழுத்துப் பார்த்தான். மேலே புகைக்குழாய், கீழே தண்ணீர் திரும்பும் குழாய். இருநூற்று எழுபது பவுண்டு உடம்பு எந்தச் சந்திலும் நுழையவில்லை. முப்பது வருஷ வேலைக்காரன் தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டான்! யூனியன் இருந்திருந்தால் சின்ன ரெஞ்சால் கழற்றியிருக்கலாம். கப்ளிங்குக்கு அந்தப் பெரிய ரெஞ்சு வேண்டும். கையை நீட்டினால் ஒரு சாண் குறைந்தது.

அந்த நேரம் பார்த்து எதெல்வினா கோட்டு மேல் கோட்டு போட்டுக்கொண்டு கையில் சூப்போடு இறங்கி வந்தாள்.

"என்ன மேஸ்திரி, அங்க என்ன பண்றீங்க?"

"சும்மா. மட்டம் பாக்கறேன்."

"வெளிய வந்து சாப்பிட்டுட்டு மட்டம் பாருங்களேன். கீரையும் சோரீசோ கறித்துண்டும் போட்டிருக்கேன்."

"இங்கயே குடுங்க. குழாயப் பாத்துக்கிட்டே குடிச்சாத்தான் எனக்கு இறங்கும்."

இந்தப் பதிலைக் கேட்டு எந்தப் பெண்தான் கட்டிக்கொள்வாள்? அவள் கிண்ணத்தைக் குழாய்களுக்கு நடுவே நீட்டினாள். அவன் குடித்து முடிக்கிற வரையில் அவனையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளை மேலே அனுப்பினால் ரெஞ்சை எப்படியாவது இழுத்துவிடலாம் என்று ஜெர்வாசியோவுக்கு ஒரு யோசனை வந்தது. "தண்ணி ரொப்பியாச்சு. அந்த சுவிட்சைப் போட்டுட்டு மேல போய், ரூமுக்கு ரூம் இருக்கற ரேடியேட்டரெல்லாம் சூடாகுதான்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாருங்க. அவசரமே இல்ல," என்றான்.

சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் போனாள். பெல்ட்டை உருவிச் சுருக்கு போட்டு ரெஞ்சின் தலையைக் குறிபார்த்து வீசினான். முதல் வீச்சு தவறியது. இரண்டாவது வீச்சில் ரெஞ்சு டமாரென்று சாய்ந்து இன்னும் இரண்டடி தள்ளி விழுந்தது. பெல்ட்டும் கையை விட்டு அதன் பின்னாலேயே போயிற்று. பெல்ட் போனதும் கால்சட்டையும் கிளம்பியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டான். இதற்குள் ஆவி ஏறி, வயிற்றுக்கு நேராக இருந்த குழாய் கொதிக்கத் தொடங்கிவிட்டது. அட மடையா, சுவிட்சைப் போடச் சொன்னது யார்? முதுகைச் சுவரில் அப்பிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான்.

எதெல்வினா கோட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தாள். "வீடு பூரா கணகணன்னு இருக்கு மேஸ்திரி! ஒரு தட்டல் இல்ல, ஒரு முட்டல் இல்ல. மேல வாங்க, ரொட்டி வெட்டி வச்சிருக்கேன்."

"நீங்க போங்க. நான் பின்னால வர்றேன்."

அவள் போகவில்லை. கீழே கிடந்த ரெஞ்சையும் பெல்ட்டையும் பார்த்தாள். சுவிட்சை அணைத்தாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ரெஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சூப் குடுக்கறப்பவே தெரியும்," என்றாள்.

"அந்த ரெஞ்சைக் கொஞ்சம்..."

"தர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நல்லா ஓடிட்டிருந்த பாய்லர மூணு வருஷமா எதுக்கு வந்து வந்து பாத்தீங்க?"

"அது... வால்வு..."

"வால்வா?"

அவன் இடது பக்கம் பார்த்தான், சுவர். பின்னால், புகைபோக்கி. வலது பக்கம், தானே இறுக்கிய குழாய். இந்த ஊரில் ஜெர்வாசியோ ஓட முடியாமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

"வால்வு இல்ல," என்றான்.

"பின்ன?"

ஐயோ, சொல்லித் தொலையேன் மனுஷா!

கண்ணை இறுக மூடிக்கொண்டான். இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க டொராண்டோவுக்குப் போக வேண்டாம். உங்களக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசை. மூணு வருஷமா ஆசை. நீங்க போயிட்டா நான் செத்தே போயிடுவேன்," என்று ஒரே மூச்சில் கொட்டினான்.

மெதுவாகக் கண்ணைத் திறந்தான். எதெல்வினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"ஊரை விட்டே போறேன்னு சொன்னாலாவது வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன்," என்றாள். "அதுக்கும் 'சரிங்க'ன்னுட்டு போனை வச்சிட்டீங்களே! எனக்குத் தங்கச்சியே கிடையாது மேஸ்திரி."

ஜெர்வாசியோவுக்குத் தலை சுற்றியது. சுற்றி விழ அங்கே இடமில்லை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வீடு பாக்க..."

"யாரும் வரல. நீங்க வர்றீங்க, சாப்பிட. இந்தாங்க ரெஞ்சு."

அவன் கையை நீட்டினான், குழாயின் அனல் பட்டதும் இழுத்துக்கொண்டான். "ஆறாமத் திறந்தா ஆவி அடிச்சிரும். ரெண்டு மணி நேரமாவது ஆகணும்," என்றான் அசடு வழிய.

"ஆகட்டுமே. கல்யாணத்துக்கு யார் யாரக் கூப்பிடணும்னு அதுக்குள்ள பேசி முடிச்சிரலாம்," என்று எதெல்வினா வாளியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு பெல்ட்டைச் சுருட்டிக் குழாய்களுக்கு மேலாக உள்ளே வீசினாள். "முதல்ல இதக் கட்டுங்க."