கோபுரத்தைத் தாங்கிய பழனிச்சாமி

துபாய்க்குப் போன புதிதிலேயே பழனிச்சாமியின் தோள் பேர் வாங்கிவிட்டது. அரியலூர்ப் பக்கத்து ஆள், சாரம் கட்டும் வேலை. மற்றவர்கள் இரண்டு இரும்புக் குழாயைச் சுமந்தால் அவன் நான்கைத் தூக்கிக்கொண்டு நடப்பான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘கிரேன்’ என்பார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தத் தோளைத்தான் போர்மேன் ஜெயசீலன் இரவல் கொடுத்தார்.

ஒரு மாலில் ஸ்பெயின் விழா நடந்தது. கிட்டார், நடனம், சமையல் எல்லாம் உண்டு. கடைசி நாளில் மனிதக் கோபுரம். ஸ்பெயினில் கத்தலோனியா என்ற பகுதியில் திருவிழாக்களில் அதைக் கட்டுவார்களாம். ஆளின் தோளில் ஆள் ஏறி நிற்க, கடைசியில் ஒரு சின்னப் பெண் உச்சிக்கு ஏறி ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள். வந்த குழுவில் மேலே ஏற ஆள் இருந்தது, அடியில் நின்று தாங்கத்தான் போதவில்லை. விழா நடத்தியவர்கள் கம்பெனியில் கேட்டார்கள். ஜெயசீலன் தன் சாரக்காரர்களைக் கூட்டிப் போனார். பழனிச்சாமியை நட்ட நடுவில், முதல் ஆளாக நிறுத்தினார்கள்.

பழக்கிவிட்டவள் நூரியா என்ற ஸ்பெயின்காரி. நீளமான கறுப்புத் துணியை அவன் இடுப்பில் தானே சுற்றி இறுக்கினாள். வலிக்கிறதா என்று சைகையில் கேட்டாள். அந்த ஊருக்கு வந்தபிறகு அப்படி ஒருவர் கேட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை. முழங்காலை எப்படி வைப்பது, முகவாயை எப்படித் தாழ்த்துவது, சட்டைக் காலரை ஏன் கடித்துக்கொள்வது என்று எல்லாம் செய்து காட்டினாள். பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ அழுத்திச் சொன்னாள்.

ஜெயசீலன் தமிழில் சொன்னார்: “மேடம் என்ன சொல்றாங்கன்னா, எவ்ளோ வலிச்சாலும் வாயத் தொறக்கக் கூடாது. சத்தம் போட்டா மேல நிக்கற புள்ள பயந்து விழுந்துரும். புரியுதா?”

எல்லோரும் தலையாட்டினார்கள்.

விழா அன்று மாலின் முற்றத்தில் கூட்டம் நெரிந்தது. தோளில் ஒருவன் ஏறினான். அவன்மேல் இன்னொருவன். மூன்றாவது ஆள் கால் வைத்தபோது பழனிச்சாமியின் இடது தோளுக்குள் ஏதோ முறிந்தது. கண் இருட்டியது. அவன் காலரைக் கடித்தான். வாயில் ரத்தம் கரித்தது. மேலே குழந்தை ஏறுவது பாரத்தில் தெரிந்தது. கைதட்டல் கேட்டது. மற்றவர்கள் இறங்கி முடித்தபோதுதான் தோள் மொத்தமாகச் சரிந்தது. தோளில் நின்றவன் அவன்மேலேயே விழுந்தான். வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை.

சில நாள் கழித்து நூரியா பழம் வாங்கிக்கொண்டு கேம்புக்கு வந்தாள். பஸ் ஓட்டும் கௌஸ் முகம்மதுக்கு ஆங்கிலம் தெரியும். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: “ஏன் தம்பி கத்தலன்னு கேக்குறாங்க. கொஞ்சம் வலிச்சாலும் உடனே கத்துங்க, எல்லாரையும் எறக்கிடுவேன்னு அவ்ளோ தடவ சொன்னாங்களாமே?”

பழனிச்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கதவருகே பார்த்தான். ஜெயசீலன் வந்து நின்றுகொண்டிருந்தார். அவன் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மறந்துட்டேன்” என்றான் பழனிச்சாமி.

கௌஸ் அதை அப்படியே சொன்னார். நூரியாவின் முகம் வாடிவிட்டது. அவன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கம்பெனி விசாரித்தபோது, தான் சொல்லிக்கொடுத்ததைப் பழனிச்சாமி மறந்துவிட்டார் என்று அவளும் உண்மையாகவே சொன்னாள். அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று முடிவாயிற்று. நஷ்டஈடு கிடையாது, விசா கேன்சல்.

நூரியா கேம்புக்கு வந்த அன்று, அவள் போனதும் ஜெயசீலன் கட்டிலுக்கு வந்தார். “நீ கத்தியிருந்தா ஷோ நின்னுருக்கும்டா. அடுத்த வாட்டி நேபாளிங்களக் கூப்புட்டுருப்பாங்க. நல்லவேளை, சரியாச் சொன்ன” என்று சொல்லி, நூரியா கொண்டுவந்த ஆரஞ்சில் ஒன்றை உரித்துத் தின்றார்.

இப்போது ஊரில் பழனிச்சாமியால் இடது கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. சட்டைக்கு மனைவி நாகவள்ளிதான் பட்டன் போட்டுவிடுகிறாள். “அந்தாளு மாத்திச் சொன்னான்னு தெரிஞ்ச பின்னாடியும் ஏன்யா சொல்லல?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவன் விட்டுப்போன பட்டனைக் காட்டினான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் தம்பி இளவேனிலுக்கு வேலையில்லை, வெளிநாடு போக வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவளே நம்பரைப் போட்டு போனை அவன் காதில் வைத்தாள்.

“அண்ணே, பழனிச்சாமி பேசறேன். நம்ம மச்சானுக்கு ஒரு விசா...”

“அனுப்புடா, பாத்துக்கலாம்” என்றார் ஜெயசீலன். “ஆளு வாட்டசாட்டமா இருப்பானா?”

பழனிச்சாமி வாசலைப் பார்த்தான். இளவேனில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“இருப்பான்ணே.”