நான்காவது தாள்

அய்யாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது பேச்சும் நின்றுபோனது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது ஒரே ஒரு சொல்தான்: "சரி." பசிக்கும்போதும் அதைத்தான் சொல்வார், வயிறு நிறைந்த பிறகும் அதைத்தான் சொல்வார். "வலிக்குதாய்யா?" என்று கேட்டால் சரி. "வலிக்கலையாய்யா?" என்று கேட்டாலும் சரி. முகத்தைப் பார்த்து நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். பாதி நேரம் தப்பாகத்தான் ஊகிப்பேன்.

அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டாள். தம்பி துபாயில் இருந்தான். அவன் மனைவி மதுரையில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அதனால் அய்யாவை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தேன். உப்பூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்கு மிளகாய் விவசாயம். தகப்பனைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்கத் தயங்கி இரண்டு நாள் ஓட்டினேன். அவராகவே, "வேற எங்க கொண்டுபோய் விடுறது? இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் போட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. அதோடு தொலைதூரக் கல்வியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் பட்டம் வாங்கி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, பதவி உயர்வுக்கு என்று பொய் சொல்வேன். உண்மைக் காரணம் எனக்கே சொல்லத் தெரியாது. பதினெட்டு வயதில் ராமநாதபுரத்தில் கல்லூரி சேர்ந்து முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் அய்யா விடுதிக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது என்றார். "படிப்பு எங்கயும் ஓடிப்போயிறாது ஆத்தா, பெறகு படிச்சுக்கலாம்" என்றார். அவர் வேண்டுமென்று சொன்ன பொய்யில்லை அது. அவரும் நம்பித்தான் சொன்னார்.

அய்யா விழுந்த வருடம் பரீட்சைக்குப் போக முடியவில்லை. அடுத்த வருடம் எல்லாத் தாளும் எழுதித் தேறாவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும், மறுபடியும் முதலிலிருந்து சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. மொத்தம் நான்கு தாள். நான்கு சனிக்கிழமை, காலையில் மூன்று மணி நேரம். அதே மாதத்தில்தான் மிளகாய்ப் பழம் எடுப்பு. அதே மாதத்தில்தான் மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

அய்யாவுக்குச் சோறு ஊட்டும்போதுதான் படிப்பேன். மடியில் புத்தகம், ஒரு கையில் கிண்ணம். விடையை அவருக்குச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒவ்வொரு பத்திக்கும் அவர் "சரி" என்பார். சில நாள் எனக்குச் சிரிப்பு வரும். சில நாள், துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த அவருடைய முதுகு நினைவுக்கு வரும். கை கொஞ்சம் முரட்டுத்தனமாக ஆகிவிடும். அவர் முகம் சுளிப்பதைப் பார்த்ததும் தணித்துக்கொள்வேன்.

முதல் இரண்டு சனிக்கிழமை பிரச்சினையில்லை. நான் தொண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி ராமநாதபுரத்துத் தேர்வு மையத்துக்குப் போனேன், மகள் தாத்தாவின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். மூன்றாவது சனிக்கிழமை கிளம்பும்போது கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. தேர்வு எழுதிக்கொண்டிருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எழுந்து கதவைச் சாத்தினார்கள். நான் தலை நிமிராமல் எழுதினேன். களத்தில் மிளகாய் காய்வது எனக்கு ஞாபகமே வரவில்லை. மூன்று மணி நேரமும் வீட்டை மறந்திருந்தேன். எத்தனையோ வருடத்தில் அப்படி மறந்தது அன்றுதான்.

பஸ் நிலையத்துக்கு வந்து போனைப் போட்டேன். மகளிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"அம்மா, தாத்தா விழுந்துட்டாரும்மா."

"நீ எங்க போன?"

"அப்பா களத்துல ஒத்தையா தார்ப்பாயை இழுத்துக்கிட்டு இருந்தாரும்மா. காத்துல பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு கால் மணி நேரந்தான் போனேன். வந்து பாத்தா வாசப்படிகிட்ட கெடக்குறாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

கட்டிலிலிருந்து வாசல்படி வரைக்கும் அவர் எப்படிப் போனார் என்று யாருக்கும் புரியவில்லை. மழைச் சத்தம் கேட்டு மிளகாயை அள்ள எழுந்திருப்பார் என்றார் என் வீட்டுக்காரர். இருக்கலாம். வாழ்நாள் முழுக்க மிளகாய் போட்டவர். பேத்தியைத் தேடி எழுந்திருக்கலாம், தாகத்துக்காகவும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்து தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலில் எடை கட்டிப் படுக்கவைத்தார்கள். நனைந்த மிளகாயைப் பிரித்துக் காயவைக்க என் வீட்டுக்காரர் ஊரில் இருந்தாக வேண்டும். மகளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை மிச்சம். தம்பி போனில், "லீவு தர மாட்டேங்குறாய்ங்கக்கா. நீதான் பாத்துக்கிறணும்" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

நான்காவது சனிக்கிழமை வந்தது. தேர்வு மையம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நுழைவுச்சீட்டு என் பையில் இருந்தது. போகப்போவதில்லை என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்த, அக்காள்மடம் என்ற ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, நான் அந்தச் சீட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார். கேட்டார், சொன்னேன்.

"போயி எழுதிட்டு வாத்தா. எனக்கு இங்கன வேற என்ன வேலை? உங்க அய்யாவையும் சேத்துப் பாத்துக்கிறேன்."

கட்டிலருகே குனிந்தேன். "அய்யா, பரீட்சைக்குப் போகட்டுமா?"

"சரி."

"போக வேணாமாய்யா?"

"சரி."

அவருடைய இடது கை என் சேலை முந்தானையைப் பிடித்திருந்தது. எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் கைதான் அது. போர்வையையும் பிடிக்கும், கட்டில் கம்பியையும் பிடிக்கும். அன்றைக்கு என்னைத்தான் பிடித்திருந்ததா, கையில் கிடைத்த துணியைப் பிடித்திருந்ததா என்று தெரியவில்லை. ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டுப் போனேன்.

கேள்வித்தாளைப் பார்த்தேன். எல்லாமே படித்தவை. முதல் இரண்டு கேள்விக்கு நன்றாகவே எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றது. விடை தெரிந்திருந்தது. ஆனால் அவர் எழுந்திருக்க முயல்கிறாரோ, அந்த அம்மா காபி வாங்கப் போயிருக்கிறாரோ, காலில் கட்டிய எடை நழுவுகிறதோ என்று கண் முன்னால் ஒன்று மாற்றி ஒன்று ஓடியது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து தாளைக் கொடுத்தேன். "இன்னும் பாதி நேரம் இருக்கேம்மா" என்றார் கண்காணிப்பாளர். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கி வார்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். அய்யா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ முகம் துடைத்துவிட்டிருந்தார்கள்.

"ஏன்த்தா அதுக்குள்ள வந்துட்ட?" என்றார் அந்த அம்மா. "நீ போன கையோட கண்ணை மூடுனாரு. நல்ல தூக்கம்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். இனி திரும்பிப் போனாலும் உள்ளே விட மாட்டார்கள். அய்யா ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தார்.

பள்ளிக்கூடத்தில் அரிசி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது முடிவு போனில் வந்தது. மூன்று தாள் தேர்ச்சி, நான்காவது இல்லை. "திரும்ப எழுதுனாப் போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். காலாவதி விவரம் அவருக்குத் தெரியாது. நானும் விளக்கவில்லை.

மகள் நல்ல மார்க்தான் வாங்கினாள். மதுரையில் ஒரு கல்லூரியில் அவள் ஆசைப்பட்ட படிப்புக்கே இடம் கிடைத்தது. அதே வாரத்தில் ராமநாதபுரத்துக் கல்லூரியிலிருந்தும் வேறொரு படிப்புக்கு அழைப்பு வந்தது. அய்யாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவளும் நானும் ஒருநாள் அப்படிப் புரட்டிக்கொண்டிருக்கையில் சொன்னாள்:

"நான் ராமநாதபுரத்துலயே சேந்துக்கிறேன்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்ல."

"மதுரைக்குப் போ. அதுதான உனக்குப் பிடிச்ச படிப்பு."

"நான் போயிட்டா நீ யாரை வச்சுப் புரட்டுவ? அப்பா விடிஞ்சா காட்டுக்குப் போயிருவாரு."

இல்லை, நீ போகத்தான் வேண்டும், நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை, மூன்று தடவை சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவைதான் சொன்னேன். அவள் மறுத்ததும் எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தை அவளே விரலால் காட்டினாள். போட்டேன்.

இப்போது ஏழரை மணி பஸ்ஸுக்குப் போகிறாள். கிளம்பும் முன் தாத்தாவை என்னோடு சேர்ந்து ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் போகிறாள். பகலில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து நடுநடுவே ஓடிவந்து, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுப் புரட்டுகிறேன். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டால், "பரவால்லம்மா" என்கிறாள். அதற்கு மேல் நான் கேட்பதில்லை.