ஒரே மூச்சில் பதினான்கு

முதல் அறிகுறி ஓர் இரும்பு ஊசியில் தெரிந்தது.

காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இடத்தில் ஒரு பூட்டு உண்டு. அது தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, விரல் நீளத்தில் ஓர் ஊசி. துளைக்குள் தள்ளினால் மறுபக்கம் வந்து ‘டக்’கென்று உட்காரும். சாலை இரைச்சலில் அந்தச் சத்தம் கேட்காது. விரலில்தான் தெரியும். அன்று காலை சுங்கை புரோங்கில், வயலோரச் சாலையில், நான் ஊசியைத் தள்ளினேன். என் கணவர் தினேஷ் இரண்டடி தள்ளி நின்று, கைப்பேசியைப் பார்த்துப் பட்டியலை வாசித்தார்.

“ஊசி?”

“ஓகே.”

“சங்கிலி ரெண்டும்?”

“ஓகே.”

“லைட் வயரு?”

“ஓகே.”

அவர் குனிந்து பார்த்தார். “என்னா ஓகே? ஊசி வெளிய தொங்குது லா.”

தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் ஏன் ஓகே சொன்னேன் என்று யோசித்தேன். விரலில் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியாததை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலைகளில் எடைமேடைகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கருவி தவறாகக் காட்டுகிறதா, காட்டவே இல்லையா என்பதைப் பிரித்தறியத்தான் எனக்குச் சம்பளம். என் கை காட்டாமல் போனது எனக்குத் தெரியவில்லை.

இந்த நோய் வந்தவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

அது எங்கள் மூன்றாவது நாள். ஈஜோக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சபாக் வரை போவது திட்டம். விடியலில் கிளம்பினால் காலைப் பசியாறும் நேரத்துக்குள் போய்விடலாம். நாங்கள் ஐந்து நாள் ஒதுக்கியிருந்தோம். தினேஷ் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய நண்பர் ஒருவர் அந்தச் சின்ன டிரெய்லரை இரவல் கொடுத்திருந்தார். உள்ளே இருவர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் ஓர் அடுப்பு, அவ்வளவுதான். “மத்தவங்க லங்காவிக்குப் போறாங்க. நாம சபாக்குக்குப் போறோம், அதுவும் மாட்டுவண்டி வேகத்துல,” என்று தினேஷ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் கோலசிலாங்கூர், இரண்டாம் நாள் தஞ்சோங் காராங். பின்னால் வரும் லோரிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டோம்.

ஊசியைக் கண்ணால் பார்த்து மாட்டிவிட்டு, டிரெய்லர் படியில் உட்கார்ந்து கைப்பேசியில் எழுதினேன்:

இரண்டு கை விரல் நுனிகளும், கையுறை போட்டதுபோல். நேற்றிலிருந்து இருக்கலாம்.
இரண்டு பாதங்களும், செருப்புக்குள் மணல் இருப்பதுபோல். மணல் இல்லை.
காலையில் காப்பிக் கோப்பை நழுவியது.
படி ஏறும்போது முட்டியைக் கையால் ஊன்றினேன்.
இரண்டு வாரத்துக்கு முன் மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

ஐந்தாவது வரியை ஏன் எழுதினேன் என்று தெரியாது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பழக்கம். பின்னால் மருத்துவர் அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தார்.

எழுந்து நிற்கப் பார்த்தேன். முதல் முறை முடியவில்லை. தினேஷ் டிரெய்லரைக் கழற்றி, பக்கத்திலிருந்த மளிகைக் கடைக்காரரின் வீட்டு வாசலில் விட்டார். அந்தப் பயணத்தில் முதல் தடவையாக வேகமாகக் காரை ஓட்டினார். நான் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பயம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன்.

மருத்துவமனையில் ஒருவர் சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் அசையவில்லை. மறுகாலிலும் தட்டினார். பிறகு சுத்தியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய், மூத்த மருத்துவரை அழைத்து வந்தார். அன்று மாலையே ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

கில்லான்-பாரே (உடலின் எதிர்ப்பாற்றல் வழிதவறிச் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்) என்று அங்கே சொன்னார்கள். வயிற்றுப்போக்கு போன்ற ஒரு தொற்றுக்குப் பிறகு வரக்கூடியது. பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். “மேலன்னா எது வரைக்கும்?” என்று தினேஷ் கேட்டார். மருத்துவர் தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். மூச்சுத் தசைகளை எட்டினால் இயந்திரம் வைக்க வேண்டியிருக்கும். எட்டாமலும் போகலாம்.

முதுகுத்தண்டிலிருந்து சோதனைக்கு நீர் எடுத்தார்கள். நரம்புக் கடத்தல் சோதனை (சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். இந்த இயந்திரத்தைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். சோதித்தவர் சிரித்தார். தினேஷ் மேற்கூரையைப் பார்த்தார். அன்றே இம்யூனோகுளோபுலின் (பலர் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்ற ஆரம்பித்தார்கள். ஐந்து நாள் ஏற்ற வேண்டும்.

மூச்சின் பலத்தை அளக்க ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். அதற்குள் என் முகத்தசைகளும் தளர்ந்துவிட்டதால் உதடு குழாயைக் கவ்வவில்லை. ஓரத்தில் காற்று போனது. அதனால் அவர்கள் இன்னொரு பழைய வழியை நம்பினார்கள். ஆழமாக மூச்சிழுத்து, அடுத்த மூச்சு எடுக்காமல், சத்தமாக எண்ண வேண்டும். எண் குறைந்துகொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது.

அந்த வார்டில் வசந்தா என்ற மிஸ்ஸி (செவிலியர்) இருந்தார். “தமிழ்லயே எண்ணும்மா, எனக்கும் காதுக்கு நல்லாருக்கும்,” என்றார். முதல் காலை இருபத்தேழு. இரண்டாம் காலை இருபத்தொன்று. மூன்றாம் காலை பதினெட்டு. ஒவ்வொரு எண்ணையும் அட்டையில் எழுதினார். தினேஷ் தன் கைப்பேசியிலும் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு நாளில் அவர் காப்பியைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ஷிப்ட் மாறியது. ஓர் இளம் மருத்துவர் வந்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். எண்ணச் சொன்னார். எண்ணினேன். இருபத்திரண்டு.

தினேஷ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தன் அம்மாவைக் கூப்பிட்டார். “ஏறிடுச்சும்மா! காலையில பதினெட்டு, இப்ப இருவத்தி ரெண்டு! மருந்து வேலை செய்யுது!” பிறகு கீழே போய் ரொட்டி சானாய் வாங்கி வந்து, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு சட்டையில் சொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

எனக்கு அப்போதே தெரியும். காலையைவிட மூச்சு சீக்கிரம் முடிந்திருந்தது. தலையணையில் கிடந்தபடி கணக்குப் போட்டேன். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஏழைத் தவிர, எல்லாம் ஒரே அசை. பேச்சுத் தமிழில் ஒவ்வொன்றும் இரண்டு, ஒன்பதுக்கு மூன்று. இருபதைத் தாண்டினால் வித்தியாசம் இன்னும் பெரிது. மருத்துவர் ஆங்கிலத்தில் பேசினார், நானும் வேலையிடத்துப் பழக்கத்தில் ஆங்கிலத்தில் எண்ணிவிட்டேன். அட்டையில் எண் மட்டும்தான் இருக்கிறது. மொழி எழுதக் கட்டம் இல்லை. மீட்டரால் அளந்ததையும் அடியால் அளந்ததையும் ஒரே வரிசையில் எழுதியதுபோல. அந்த இருபத்திரண்டு, தமிழில் பதினான்கு அளவுதான் இருக்கும்.

உடனே சொல்லவில்லை. இதை இங்கே எழுதியாக வேண்டும். அவர் இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும் வரை, அதை முடிக்கும் வரை, கை கழுவி வந்து இன்னொரு முறை தன் அம்மாவிடம் பேசும் வரை பேசாமல் கிடந்தேன். துணிச்சல் இல்லாமல் இல்லை. சொல்ல வேண்டும் என்ற எண்ணம் என்னிடமிருந்து வெகு தூரத்தில் இருந்தது, பாதம் இருந்ததைப் போல. ஊசி உள்ளே போய்விட்டது, ஓகே என்று இருந்துவிடலாம்.

ஊசி நினைவுக்கு வந்ததும் வாய் திறந்தேன்.

“தினேஷ். மிஸ்ஸிய கூப்பிடு.”

“ஏன், வலிக்குதா?”

“இல்ல. அந்த இருவத்தி ரெண்டு தப்பு.”

“எப்படித் தப்பாவும்? நானும் கூடவே எண்ணுனேன்ல?”

“இங்கிலீஷ்ல எண்ணிட்டேன்.”

“சோ? இருவத்தி ரெண்டு எந்த பாஷையில சொன்னாலும் இருவத்தி ரெண்டுதானே கவி?”

“டுவென்ட்டி டூ சொல்லு. இப்ப இருவத்தி ரெண்டு சொல்லு. எதுக்கு மூச்சு ஜாஸ்தி போவுது?”

அவர் இரண்டையும் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை, மெதுவாக, சொல்லிப் பார்த்தார். அப்புறம் முகம் மாறியது.

“இத எப்ப கண்டுபிடிச்ச?”

“நீ சாப்பிடும்போது.”

அவர் வேகமாக வெளியே போனார்.

இளம் மருத்துவர் வந்தார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “அப்படியென்றால் தமிழில் எண்ணுங்கள்,” என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. தினேஷ் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பத்து விரல் முடிந்து மறுபடியும் கட்டைவிரலிலிருந்து தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது விரல் விரிந்த இடத்தில் மூச்சு நின்றது.

பதினான்கு.

மருத்துவர் மற்ற சோதனைகளையும் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அன்று மாலைக்குள் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். என் அட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘தமிழ்’ என்று யாரோ மலாயில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

அங்கே எண் பதினொன்று வரை இறங்கியது. மூச்சு இயந்திரத்துக்காகத் தொண்டையில் இறக்கும் குழாயை உறை பிரிக்காமல் தலைமாட்டுத் தட்டில் வைத்திருந்தார்கள். திரும்பினால் அது தெரியும். மறுபடியும் பதினொன்று. மறுநாளும் பதினொன்று. ஒருநாள் தினேஷிடம், “டிரெய்லருக்கு ஹேண்ட்பிரேக் போட்டியா?” என்று கேட்டேன். “போட்டேன் லா. சக்கரத்துக்குக் கல்லும் வச்சிருக்கேன்.” அடுத்த நாளும் அதையே கேட்டேனாம். எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் நாள் மருந்தும் ஏறி முடிந்து இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டு வந்தது. வசந்தா மிஸ்ஸி வார்டிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார், அவர்தான் எண்ண வைத்தார். பக்கத்தில் நின்ற தினேஷ் கை தட்டவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

“எந்த பாஷை?” என்றார்.

“காது அடைச்சுப் போச்சாய்யா? தமிழ்தான்!” என்றார் மிஸ்ஸி.

அப்போதுதான் அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். நான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உறை பிரிக்காத குழாயை மறுவாரம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க அதிகம் இல்லை. சக்கர நாற்காலி, நான்குகால் ஊன்றுகோல், ஒற்றைக் கோல். பிசியோவில் (தசைப் பயிற்சி) ஒரு கிண்ணத்துப் பயற்றை ஒவ்வொன்றாக இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொன்னார்கள். முதல் வாரம் விரலில் பயறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்கெனவே எழுதியதைத் தவிர, உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: எந்த அளவை எடுத்தாலும் ஒரே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே மொழி, ஒரே நிலையில் உட்கார்ந்து. எண் ஏறினால் சந்தோஷப்படும் முன், அது எப்படி எடுத்த எண் என்று கேளுங்கள். சந்தோஷத்தைக் கெடுக்கிறோமே என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

நரம்பு வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் என்றார் மருத்துவர். என் கால் நீளத்தை மனதில் வகுத்துப் பார்த்தேன். “கணக்குப் போடாதீங்க,” என்றார். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தேன்.

ஒன்பது மாதம் கழித்துச் சுங்கை புரோங்குக்குப் போனோம். டிரெய்லரின் சொந்தக்காரர் அதை எடுத்துப்போய்க் கழுவி, மறுபடியும் எங்களுக்கே கொடுத்திருந்தார். அன்று நின்ற அதே இடத்தில் நிறுத்தினோம். அப்போது நாற்று, இப்போது கதிர். தினேஷ் பட்டியலை வாசித்தார்.

“ஊசி?”

குனிந்து பார்த்தேன். மறுபக்கமும் போய்ப் பார்த்தேன். இப்போது பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது: ஊசி, இரண்டு பக்கமும், கண்ணால்.

“ஓகே.”

“நிஜமா ஓகேயா, இங்கிலீஷ் ஓகேயா?”

“வாய மூடிட்டு அடுத்தத வாசி.”

சபாக் வரை மெதுவாகப் போனோம். லோரிகளுக்கு ஒதுங்கினோம். விட்டுப்போன மூன்று நாளையும் முழுதாக எடுத்துக்கொண்டோம். இப்போது நான் எதையும் வேகமாகச் செய்வதில்லை. கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிறகு அடுத்த காலை எடுக்கிறேன். ஒரு வீட்டு வாசலைக் கடக்க முன்பு நேரம் எடுத்ததாகவே நினைவில்லை. இப்போது எடுக்கிறது.

சபாக்கில் ஆற்றோரம் நிறுத்தினோம். நடுப்பகல். கதவைத் திறந்து, செருப்பில்லாமல், வலது காலைத் தார்ச் சாலையில் வைத்தேன். பட்டதா என்று குனிந்து பார்த்தேன். பட்டிருந்தது. எதுவும் தெரியவில்லை. காத்திருந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

“என்னா எண்ணுற?” என்றார் தினேஷ்.

நான்கில் சூடு வந்தது. காலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் வைத்திருந்தேன்.