நான்காவது இடத்து நம்பர்

சைமா கெம்ப்பைனனின் உயரம் நாலடி பதினொரு அங்குலம். அவள் சேர்த்து வைத்திருந்த பழைய ரஷ்யத் துப்பாக்கி ஒன்றில் முனைக்கத்தியை மாட்டி நிறுத்தினால் ஐந்தடி ஐந்து அங்குலம். அப்படிப்பட்டவை நாற்பத்தொன்று அந்த வீட்டுச் சுவர்களில் சாய்ந்து நின்றன. வீட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் துப்பாக்கிகளைப் பார்ப்பார்கள். நாற்பத்திரண்டாவதாக நிற்பது அவள் புருஷன் வெய்க்கோ என்று பிறகு கண்டுபிடிப்பார்கள். காபி வாசனை எங்கிருந்து வருகிறது என்று குனிந்து தேடும்போதுதான் சைமா தட்டுப்படுவாள்.

வெய்க்கோ பேசாதவன். இரும்புச் சுரங்கத்துப் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் லேத் ஓட்டினான். அங்கே அவன் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதி, மிச்ச இடத்தில் மளிகைச் சாமான் பட்டியலும் போடலாம் என்பார்கள். ஆனால் கை அப்படிப்பட்ட கை. அவன் கடைந்த தண்டின் மேல் முட்டையை நிற்க வைத்தால் அது மறுநாள் காலைவரை யோசித்துக்கொண்டு நிற்குமாம்.

ஓய்வு பெற்ற நாளில் அவன் மனசுக்குள் ஒரே ஒரு ஆசை இருந்தது: சனிக்கிழமை. மிச்சிகனின் வடக்குக் கோடியில் நவம்பரில் விழும் பனி ஏப்ரலில்தான் எழுந்து போகும். ஏரி இறுகிவிட்டால் அதன்மேல் பெட்டி போல ஒரு குடிலை இழுத்துக்கொண்டு போய், ஐஸில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, பிளாஸ்கில் காபியோடு உட்கார வேண்டும். மீன் கடித்தால் சரி. கடிக்காவிட்டால் இன்னும் சரி.

அந்தச் சனிக்கிழமைகளைத்தான் பன்னிரண்டு வருஷமாகத் துப்பாக்கிகள் தின்றுகொண்டிருந்தன.

எல்லாம் ஒரு வாணலியில் ஆரம்பித்தது. 1992இல், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி சைமா, இரும்பு வாணலி வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடை வாசலில் ஒரு பீப்பாய். அதற்குள் குடைகளைச் செருகி வைத்த மாதிரி இருபது ரஷ்யத் துப்பாக்கிகள், தலையிலிருந்து கால்வரை மஞ்சள் கிரீஸ் அப்பிக்கொண்டு. ஒன்று நாற்பது டாலர். வாணலி நாற்பத்திரண்டு. சைமா இரண்டு டாலர் மிச்சம் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அப்போது உயிரோடிருந்த மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நம்ம ஊருல நம்மாளுங்களைச் சுட்ட துப்பாக்கிடி இது. இதைப் போயி காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க?"

"நம்மாளுங்களும் இதாலதானே அத்தை சுட்டாங்க. அவங்ககிட்டேர்ந்து பிடுங்கி," என்றாள் சைமா. பின்லாந்திலிருந்து வந்தவள் மாமியார்; அங்கே ரஷ்யாவோடு நடந்த சண்டையில் அண்ணனைப் பறிகொடுத்தவள். மூக்கிலிருந்து கையை எடுத்து, "அப்ப கிரீஸையாவது தொடை," என்றாள்.

துடைத்தால் போகிற கிரீஸா அது. ஐம்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்து மரத்துக்குள் இறங்கியிருந்தது. சைமா அதைப் பின்கட்டிலிருந்த சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், கொண்டுபோய்த் தலைகீழாகத் தொங்கவிட்டாள். அடுப்பை மூட்டி, கற்களின் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றி, கதவைச் சாத்தினாள். வெந்த ஆவியில் கிரீஸ் தேனாக உருகி வாளியில் சொட்டியது. அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் முதல் குளியல் துப்பாக்கிக்கு, இரண்டாவது சைமாவுக்கு, மூன்றாவது வெய்க்கோவுக்கு. அவனுக்குள் இறங்கிய கிரீஸ் கொஞ்ச நஞ்சமில்லை. அதற்கப்புறம் அவனைக் கொசு கடித்ததே கிடையாது. வழுக்கி விழுந்த கொசுக்களை மட்டும் எண்ணிப் பார்த்திருக்கிறான்.

கிரீஸ் போனதும் நம்பர் தெரிந்தது. அங்கேதான் வெய்க்கோவின் சனிக்கிழமை செத்தது. இந்த ஜாதித் துப்பாக்கியில் நான்கு இடத்தில் நம்பர் அடித்திருப்பார்கள்: குழலில், கட்டையின் அடித்தகட்டில், தோட்டா அறையின் மூடியில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டில். நான்கும் ஒரே நம்பராக இருந்தால் அது 1943இல் பட்டறையை விட்டு எப்படிப் போனதோ அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். சைமாவின் முதல் துப்பாக்கியில் மூன்று இடத்தில் ஒரே நம்பர். கால் முளைத்த வீடு போல ஒரு ரஷ்ய எழுத்து, கூடாரம் போல இன்னொன்று, பிறகு 4713. போல்டில் மட்டும் வேறு யாருடைய நம்பரோ இருந்தது.

"எவனோ கப்பல்ல ஏத்துறப்ப மாத்தி மாட்டிட்டான்," என்றாள் சைமா. "இதோடது எங்கயோ இருக்கு. தேடினாக் கிடைக்கும்."

லட்சக்கணக்கில் செய்த சாமான். தேடினாள். மூன்று மாவட்டத்தில் எங்கே துப்பாக்கிச் சந்தை கூடினாலும் அங்கே இருந்தாள். ஒவ்வொரு மேசைக்கடியிலும் உதிரி போல்டுகள் போட்ட ஒரு பெட்டி இருக்கும். முழங்கால் போட்டு உட்கார்ந்து, லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பாள். தேடப் போன இடத்தில் கண்ணில் பட்ட துப்பாக்கியையும் விடமாட்டாள். ஒன்று நாற்பத்தொன்றானது அப்படித்தான். அதற்கு மேல் ஆகாமல் காத்தது வெய்க்கோவின் இருமல். அவள் ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரே ஒரு முறை இருமுவான். சைமா பெருமூச்சு விட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். சந்தையில் அவனுக்கு இருந்த வேலை இரண்டு: இருமுவது, வண்டி ஓட்டுவது. சைமாவுக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் யாரும் குறுக்கே வராத இடமாகப் பார்த்து, உறைந்த ஏரியின் மேல் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஐந்து மைல் ஏரியில் அன்றைக்கு ஒரே ஒரு மீன்குடில் நின்றது. அதைத் தேடிப்போய் இடித்தாள்.

2004 ஜனவரியில் வெய்க்கோவுக்கு அந்த யோசனை வந்தது. நம்பர் கிடைத்துவிட்டால் தேடல் முடியும், தேடல் முடிந்தால் சனிக்கிழமை திரும்பி வரும். நம்பர் தானாகக் கிடைக்காது. சரி, கிடைக்க வைத்தால் என்ன?

துப்பாக்கி சேர்க்கிறவர்களிடம் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. சந்தையில் ஒருவன் பொய்யாக நம்பர் அடித்து விற்றான் என்பதற்காக அவனோடு ஐந்து வருஷம் யாரும் காபி குடிக்கவில்லை. அது தெரிந்துதான் வெய்க்கோ கொட்டகைக் கதவைத் தாழ்போட்டான். உதிரி போல்ட் ஒன்றின் பழைய நம்பரை அரத்தால் ராவினான். ரஷ்ய எழுத்துக்கு அச்சு எங்கே போவது? இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து உருக்குத் துண்டில் தானே வெட்டினான், கால் முளைத்த வீட்டையும் கூடாரத்தையும். எண்களை வைத்து அடித்தான். வினிகரில் ஊறப்போட்டுத் துருவேற்றினான். கடைசியில் சவுனா வாளியில் மிச்சமிருந்த அசல் ரஷ்ய கிரீஸை அள்ளிப் பூசினான். பார்த்தால் ஸ்டாலினே நம்பியிருப்பார்.

சந்தையில் டெல்மர் என்று ஒரு வியாபாரி. விஸ்கான்சின்காரன், வாய்க்காரன். தன் பெட்டியில் வெய்க்கோ போல்டை நழுவவிட்டதை அவன் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, என் பெட்டியில திருடுறவனைப் பாத்திருக்கேன், போட்டுட்டுப் போறவனை இப்பத்தான் பாக்குறேன்."

"பேசாத."

"யாரு சொல்றது பாரு. சைமாக்காவுக்கா?"

வெய்க்கோ தலையசைத்தான்.

"கண்டுபிடிச்சிட்டா என்னை உரிச்சு அந்தச் சவுனாவுல தொங்கவிட்ருவாங்கண்ணே."

"முதல்ல நான்தான் தொங்குவேன்," என்றான் வெய்க்கோ. அந்த மாதத்திலேயே அவன் பேசிய நீளமான வாக்கியம் அது.

சைமா வந்தாள், முழங்கால் போட்டாள், பெட்டியைக் கிளறினாள். பதினேழாவது போல்டை எடுத்தவள் அசையவில்லை. லென்ஸை வைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தாள். தோள் குலுங்கியது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். சந்தையே சுற்றி நின்று கைதட்டியது. டெல்மர் காசு வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னது அவன் நல்ல மனசு என்று எல்லோரும் மெச்சினார்கள். வெய்க்கோவுக்கு மட்டும் முகம் காதுவரை சிவந்துபோயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை சைமா சந்தைப் பேச்சே எடுக்கவில்லை. வெய்க்கோ ஏரிக்குப் போனான். அதற்கடுத்த சனியும், அதற்கடுத்த சனியும். பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி குளிரில் சொர்க்கம் போல இருந்தது. ஒரே ஒரு குறை: கடித்த மீனை எடுக்கும்போதெல்லாம் அதன் கண் அவனையே பார்த்தது.

நான்காவது சனி சாயங்காலம் இருவரும் சவுனாவில் உட்கார்ந்திருந்தார்கள். சைமா கற்களின் மேல் தண்ணீர் ஊற்றினாள். உஸ்ஸென்று ஆவி எழுந்தது.

"எத்தனை மீனு கிழவா?"

"ஏழு."

"நாலு, ஏழு, ஒண்ணு, மூணுன்னு வரிசையா நின்னு கடிச்சுதா?"

வெய்க்கோவுக்கு அந்தச் சூட்டிலும் குளிர் எடுத்தது. "எப்பத் தெரியும்?" என்றான்.

"பெட்டியிலேர்ந்து எடுத்தப்பவே."

"அழுதியே."

"அழுதேனா? சிரிப்பு வந்து தொலைச்சுது. முகத்தை மூடாம என்ன பண்றது." சைமா சவுனா வழக்கப்படி பிர்ச் மரக் கிளைக் கொத்தால் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "கிரீஸ் சரி. துரு சரி. எழுத்து அவ்வளவு அழகு. ஆனா நாப்பத்து மூணுல, சண்டை நடக்குறப்ப, ரஷ்யாவுல யாரு அடிச்சா? அரை வயிறு ரொட்டி தின்னுட்டு, ராப்பகலா நின்னு, தூங்கி வழிஞ்சுக்கிட்டு அடிச்ச பொண்ணுங்க. மத்த மூணு நம்பரையும் பாரு. நாலு ஒரு பக்கம் சாயும், ஏழு மேல ஏறும், ஒண்ணு மூணை இடிச்சுக்கிட்டு நிக்கும். உன்னுது ராணுவ அணிவகுப்பு மாதிரி நிக்குது. இவ்வளவு நேரா அடிக்கிற ஆளு இந்த உலகத்துல ஒருத்தன்தான். என் கல்யாண மோதிரத்துக்குள்ள தேதி அடிச்சவன்."

அதுதான் அவன் செய்த தப்பு. அரத்தில் ஏமாற்றினான், வினிகரில் ஏமாற்றினான். ஆனால் கோணலாக அடிக்க அவன் கைக்குத் தெரியவில்லை. அடிக்கும்போது ஒரு நொடி நினைத்தும் பார்த்தான், கொஞ்சம் சாய்க்கலாமா என்று. கை கேட்கவில்லை.

"ஏன் செஞ்ச?"

"சனிக்கிழமை வேணும்."

"அதை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே."

"கேக்கணும்னுதான் இருந்தேன்," என்றான் வெய்க்கோ. "நீ பேசி முடிக்கட்டும்னு பன்னெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

சைமா சிரித்த சிரிப்பில் மேல்பலகையிலிருந்து கீழ்ப்பலகைக்கு வழுக்கி வந்துவிட்டாள். ஆனால் சிரித்து முடித்ததும் விடவில்லை. உடம்பைத் துவட்டியதும் அவனைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நாளைக்கு நான் போய்ச் சேந்தப்புறம் எவனாவது இதை நிஜம்னு நம்பி வாங்கினா, அவன் என்னைத்தான் திட்டுவான். பக்கத்துல உன் பேரை அடி. வருஷத்தையும் அடி." அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை நடுங்கியது. பெயரின் முதலெழுத்துகளும் 2004ம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விழுந்தன.

சைமா லென்ஸை வைத்துப் பார்த்தாள். "இந்த இடம் மட்டும் அசல் மாதிரி இருக்கு," என்றாள்.

பிறகு ஒரு முடிவு சொன்னாள். சனிக்கிழமை அவனுக்கு. சந்தை அவளுக்கு. அசல் 4713 போல்ட் இன்னும் எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடித் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போவாள். அறுபத்தைந்து வயதில் உரிமம் வாங்கினாள். பரீட்சை வைத்த அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் லீவு எடுத்தார். இருக்கையில் இரண்டு டெலிபோன் புத்தகம் போட்டு உட்கார்ந்தும் வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங்கும் கம்பளித் தொப்பியும்தான் தெரியும். பனி தள்ளும் ராட்சச வண்டிகள் அதைக் கண்டால் ஓரம் கட்டின.

அவள் தனியாக ஓட்டிப் போன முதல் சனிக்கிழமை வெய்க்கோ ஏரியில் உட்கார்ந்திருந்தான். தூண்டில் துள்ளியது, அவன் பார்க்கவில்லை. கண் சாலைப் பக்கமே இருந்தது. இரண்டு மணிக்கு இருமல் வந்தது. யாரும் எதையும் திரும்ப வைக்கவில்லை. மூன்று மணிக்குக் குடிலை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வண்டி வாசலில் நின்றது. முன்பக்கத்தில் பக்கத்து வீட்டு ஹெய்க்கினன் சாலையோரத்தில் நட்டிருந்த தபால் பெட்டி, தூணோடு, சிவப்புக் கொடியை நிமிர்த்தியபடி சிக்கியிருந்தது. உள்ளே இரண்டு கடிதங்கள் பத்திரமாக இருந்தன.

அடுக்களையில் சைமா ஏலக்காய் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். மேசையின் குறுக்கே, சொட்டச் சொட்ட கிரீஸோடு, ஒரு துப்பாக்கி.

"இது என்ன?"

"நாப்பத்திரண்டு. தூக்கிப் பாத்தேன். இருமுறதுக்கு ஆளில்லை."

வெய்க்கோ உட்கார்ந்தான். காபியைத் தட்டில் ஊற்றி உறிஞ்சினான். துப்பாக்கியைப் பார்த்தான்.

"நாலும் சேருதா?"

சைமா ரொட்டித் துண்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "மூணு."

அவன் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தான். "நம்பரைச் சொல்லு."

"எதுக்கு? அடிக்கவா?"

"எழுதிக்க," என்றான் வெய்க்கோ. "அடுத்த வாரம் நான் ஓட்டுறேன். ஹெய்க்கினன்கிட்ட இன்னும் ஒரு தபால் பெட்டிதான் இருக்கு."